முதல் கமிட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம்

திருவல்லிக்கேணியில் மெஸ் நடத்தும் என் மாமாவுக்கு ஒரு சின்ன இணையதளம் செய்து கொடுத்தேன். அன்றைய மெனு, பார்சல் ஆர்டர், ஆர்டர் வந்தால் அவர் ஃபோனுக்கு ஒரு எஸ்எம்எஸ். கோடு எழுத இரண்டு நாள்தான் ஆனது. கோப்புகளைக் கண்டபடி போட்டு வைத்த வினையைத் தீர்க்க மூன்று நாள் ஆனது. உங்களுக்கு அந்த வினை வேண்டாம் என்றுதான், புதிதாகத் தொடங்கும் தளத்தின் கோப்புகளை முதல் கமிட்டுக்கு (கிட்டில் செய்யும் முதல் பதிவுக்கு) முன்பே எப்படி ஒழுங்காக வைப்பது என்று சொல்கிறேன். உங்கள் கணினியில் நோட் (ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஓட்டுவது), கிட் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்வது), விஎஸ் கோடு (கோடு எழுதும் எடிட்டர்) மூன்றும் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. ஃபோல்டர்

நாம் எழுதும் கோடு 'எஸ்ஆர்சி'க்குள், படங்களும் ஐகான்களும் 'பப்ளிக்'குக்குள். இப்போதைக்கு இது போதும். ஹெல்பர்ஸ், சர்வீசஸ் என்று பத்து காலி ஃபோல்டர் திறப்பது எருமை வாங்கும் முன்பே நெய்க்கு விலை பேசுகிற கதை.

கோப்புப் பெயர்கள் எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கட்டும், இடைவெளிக்குப் பதில் ஹைஃபன் போடுங்கள். என் விண்டோஸ் லேப்டாப்பில் எல்லாப் படமும் தெரிந்தது. தளம் லினக்ஸ் சர்வருக்குப் போன அன்றே மாமா கூப்பிட்டார்: "டேய், இட்லி படத்தக் காணோமே!" கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரியது, பக்கத்தில் நான் எழுதியது சின்னது. விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. பெயரைத் திருத்தும்போது 'கிட் எம்வி' கட்டளையால் மாற்றுங்கள். எக்ஸ்ப்ளோரரில் மாற்றினால் கிட் அதைக் கவனிக்காமலே போகலாம்.

2. செட்டிங்ஸ்

கடவுச்சொல், ஏபிஐ கீ (எஸ்எம்எஸ் போன்ற வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவி), டேட்டாபேஸ் முகவரி என்று லேப்டாப்பில் ஒன்றும் சர்வரில் வேறொன்றுமாக இருப்பதெல்லாம் 'டாட் என்வ்' கோப்பில் போகட்டும். பெயர்களை மட்டும் வைத்து, மதிப்பைக் காலியாக விட்டு, 'டாட் என்வ் டாட் எக்ஸாம்பிள்' என்று ஒரு நகல் எடுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே உதவும். டாட் என்வ் கோப்பைப் படிக்கத் தனி பேக்கேஜ் (பிறர் எழுதிவைத்த கோடு) சேர்ப்பது எனக்குப் பிடிக்காது. நோட் 20.6 முதல் '--என்வ்-ஃபைல்' ஆப்ஷன் உள்ளேயே இருக்கிறது.

3. கிட்இக்னோர்

நான் வழுக்கியது இங்கேதான். எல்லாவற்றையும் கமிட் செய்து, கோடை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்புக்கு புஷ்ஷும் செய்த (ஏற்றிய) பிறகு நினைவு வந்து, கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளைப் பட்டியலிடும் கிட்இக்னோர் கோப்பில் டாட் என்வ் பெயரை எழுதினேன். சரி, முடிந்தது என்று தூங்கப் போனேன். மறுநாள் பார்த்தால் எஸ்எம்எஸ் கீ ஊருக்கே தெரிகிற மாதிரி கிட்ஹப்பில் கிடக்கிறது!

கிட் ஏற்கெனவே கண்காணிக்கத் தொடங்கிய கோப்பை கிட்இக்னோர் தடுக்காது. 'கிட் ஆர்எம் --கேஷ்ட் டாட் என்வ்' என்று கொடுத்து கமிட் செய்தால்தான் கண்காணிப்பு நிற்கும். '--கேஷ்ட்' விட்டுப்போனால் கோப்பே அழிந்துவிடும். கண்காணிப்பு நின்றாலும் பழைய கமிட்டுகளில் கீ அப்படியே இருக்கும். அதனால் முதலில் அந்தக் கீயை ரத்து செய்து புதிது வாங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தப் பாடு வேண்டாம் என்றால், முதல் கமிட்டுக்கு முன்பே கிட்இக்னோரில் டாட் என்வ், நோட் மாட்யூல்ஸ் (பேக்கேஜ்கள் வந்து இறங்கும் ஃபோல்டர்) இரண்டையும் எழுதிவிட்டு 'கிட் ஸ்டேட்டஸ்' பாருங்கள். பட்டியலில் இரண்டும் தலைகாட்டக் கூடாது.

பிற்சேர்க்கை: டாட் என்வ் எழுதியும் எதுவும் படிக்கப்படவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். நோட்பேடில் சேமித்திருக்கிறார். கோப்பின் வாலில் 'டாட் டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொண்டது, விண்டோஸ் அதை மறைத்துக் காட்டியது. விஎஸ் கோடிலேயே உருவாக்குங்கள்.

இன்னொருவர் 3-ஆம் படியை அப்படியே செய்துவிட்டு சர்வரில் 'கிட் புல்' (புது மாற்றங்களை இறக்கும் கட்டளை) கொடுத்திருக்கிறார். அங்கிருந்த டாட் என்வ் காணாமல் போய், தளம் படுத்துவிட்டது. கிட்டைப் பொறுத்தவரை அது நீக்கப்பட்ட கோப்பு, அதனால் சர்வரிலும் நீக்கிவிடும். புல் கொடுக்கும் முன் அதை வேறு ஃபோல்டரில் நகலெடுத்து வைத்து, பிறகு திரும்பக் கொண்டுவந்து போடுங்கள்.