ஆட்டு நல்லியை வைத்துக் கொலஸ்திரோலைப் படிப்பது எப்படி?

பெரியம்மாவுக்கு வயது 62. கிளினிக்கில் கொலஸ்திரோல் குளிசை எழுதிய அன்றே, எலும்பும் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து கொப்பியை மேசையில் போட்டவர், "மனே, நீ உயிரியல் படிப்பிக்கிறதானே, இந்தக் கொழுப்பு ரத்தத்துக்குள்ளயா, எலும்புக்குள்ளயா?" என்று கேட்டார். இரண்டிலும் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வாயால் விளங்கப்படுத்திக் களைத்துப்போய், மறுநாள் காலை காத்தான்குடிக்குப் போய் ஆட்டெலும்பு வாங்கி வந்தேன். அன்று எங்கள் குசினியில் செய்ததைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். சாதாரண தர விஞ்ஞானம் படித்திருந்தால் போதும்.

படி 1: எலும்பு வாங்குதல்

மூன்று துண்டு வேண்டும். தொடையெலும்பில் ஒன்று, குளம்புக்குச் சற்று மேலே உள்ள காலெலும்பில் ஒன்று, முள்ளந்தண்டில் ஒன்று. நல்லி சிதறாமல் குறுக்கே வெட்டித் தரச் சொல்லுங்கள். குட்டியாடு வேண்டாம், முற்றிய ஆடாகப் பாருங்கள். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

படி 2: வெட்டு முகத்தைப் பார்த்தல்

கழுவித் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். முள்ளந்தண்டுத் துண்டு கடற்பஞ்சு மாதிரி, சிவப்பாக இருக்கும். இது செம்மச்சை (நல்லியைத்தான் பாடப்புத்தகம் மச்சை என்கிறது). குருதிக் கலங்கள் பிறக்கும் இடம். காலெலும்பின் குழிக்குள் இருப்பது வெளிர் மஞ்சள் நிறம். இது மஞ்சள் மச்சை, பெரும்பாலும் கொழுப்புக் கலங்கள்தான்.

மனிதரிலும் இதே கதைதான். பிறக்கும்போது ஏறக்குறைய எல்லா எலும்பிலும் செம்மச்சை இருக்கும். பிறகு கை, கால் விரல்களில் தொடங்கி உள்நோக்கி மஞ்சளாகிக்கொண்டு வரும். 25 வயதளவில் முள்ளந்தண்டு, இடுப்பு, விலா, மார்பெலும்பு, மண்டையோடு, தொடையெலும்பின் மேல்முனை போன்ற இடங்களில்தான் சிவப்பு மிஞ்சும். குட்டியாடு வேண்டாம் என்றது இதனால்தான். அதன் காலெலும்பிலும் சிவப்பு கலந்திருந்து உங்களைக் குழப்பிவிடும். ஒல்லியான, சுகதேகியான ஒருவரின் உடற்கொழுப்பில் பத்தில் ஒரு பங்கு எலும்புக்குள்ளே இருக்கிறது என்று சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் நம்புவதே இல்லை.

படி 3: உருக்கிப் பார்த்தல்

எனக்குப் பிடித்த படி இது. தொடை நல்லியை ஒரு சின்னக் கிண்ணத்திலும், காலடி நல்லியை இன்னொன்றிலும் வழித்தெடுங்கள். இரண்டையும் கொதிநீர்ச் சட்டிக்குள் இறக்கி வைத்து உருக்கி, தேத்தண்ணி வடியால் வடித்து, இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் விடுங்கள். காலையில் எடுத்து மேசையில் பக்கம் பக்கமாக வையுங்கள். மட்டக்களப்பு வெயிலுக்கு அதிக நேரம் காத்திருக்கத் தேவையில்லை. காலடிக் கொழுப்பு முதலில் இளகும்.

காரணம், உடலின் நடுவிலிருந்து விலகிப் போகப் போக மச்சைக் கொழுப்பில் நிரம்பாத கொழுப்பமிலம் கூடுகிறது. தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும்போது நல்லெண்ணெய் உறையாமல் இருக்கிறதல்லவா, அந்த வித்தியாசம்தான். மனிதரிலும் இப்படி இருவகை மச்சைக் கொழுப்பு உண்டு. காலடிப் பக்கம் இருப்பது சிறு வயதிலேயே உருவாகி அசையாமல் கிடக்கும். செம்மச்சைக்கு இடையில் சிதறிக் கிடப்பது வயது, ஓமோன், மருந்து, உணவுக் குறைவு எல்லாவற்றுக்கும் ஏற்பக் கூடும், குறையும். சாப்பிடாமல் உடம்பு நலிந்துபோகும் அனோரெக்சியா நோயில் தோலுக்குக் கீழே கொழுப்பே இருக்காது. ஆனால் மச்சைக் கொழுப்பு கூடிவிடுகிறது. மெலிந்தவர் எலும்புக்குள்ளும் கொழுப்பில்லாதவர் என்று நினைத்தால் பிழை.

படி 4: கிண்ணத்தில் இருப்பது கொலஸ்திரோல் இல்லை

தொடங்குபவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது. உறைந்து கிடப்பது டிரைகிளிசரைட்டு. அது சேமித்து வைத்த எரிபொருள். கொலஸ்திரோல் அதற்குள் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். அதை எரித்துச் சக்தி எடுக்க முடியாது. கல மென்சவ்வுக்கும், பித்தவமிலத்துக்கும், ஈஸ்திரசன் முதலான ஓமோன்களுக்கும் அது மூலப்பொருள். உணவில் வருவதைவிட உடல் தானே செய்துகொள்வது அதிகம்.

அப்படியென்றால் மச்சையில் கொலஸ்திரோலுக்கு என்ன வேலை? இதுதான் அடுத்த படி. கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள்.

படி 5: முச்சந்தியில் நிற்கும் மூலக்கலம்

மச்சைக்குள் ஒருவகை மூலக்கலம் இருக்கிறது. அது எலும்பு கட்டும் கலமாகவும் மாறலாம், கொழுப்புக் கலமாகவும் மாறலாம். ரங்ஸ்-2 என்ற புரதம் ஓங்கினால் எலும்புப் பக்கம், பிபார்-காமா ஓங்கினால் கொழுப்புப் பக்கம். ஒரு கொத்தனாரைக் களஞ்சியக் காவலுக்கு அனுப்பினால் சுவர் எழும்பாதுதானே. வயதாக ஆக நடப்பது அதுதான்.

கொலஸ்திரோல் இங்கே ஒரு சைகையாக நுழைகிறது. அதன் மூலக்கூறில் 27 காபன் அணுக்கள். 20 ஆம் காபனில் ஓர் ஐதரொட்சில் கூட்டம் ஒட்டினால் வரும் பொருள், ஆய்வுகூடத்தில் வளர்த்த மூலக்கலங்களை எலும்புப் பக்கம் தள்ளுகிறது, கொழுப்பாவதைத் தடுக்கிறது. அதே கூட்டம் 27 ஆம் காபனில் ஒட்டினால் வருவது ஈஸ்திரசன் வாங்கியில், அதாவது கலத்தில் ஈஸ்திரசன் வந்து ஒட்டும் புரதத்தில், போய் உட்கார்ந்து அதன் வேலையைக் குழப்புகிறது. இதன் அளவு கூடிய எலிகளில் எலும்பு அடர்த்தி குறைந்தது. குருதியில் கொலஸ்திரோலைச் சுமந்து திரியும் எல்டிஎல் துகள்கள் ("கெட்ட கொலஸ்திரோல்" என்பார்களே, அதுதான்) ஒட்சியேற்றப்பட்டால், அவையும் எலும்புக் கலமாக முதிர்வதைத் தடுப்பதாகக் கலவளர்ப்புச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே கொலஸ்திரோல் கூடினால் மச்சைக் கொழுப்பு கூடும் என்று ஒரே வரியில் எழுதினால் நான் புள்ளி போட மாட்டேன். எவ்வளவு இருக்கிறது என்பதோடு எந்த வடிவத்தில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

படி 6: குளிசை எங்கே போய் அடைக்கிறது?

அம்பாறை வயல்காரருக்கு இது சட்டென்று விளங்கும். ஒரே வாய்க்கால், இரண்டு மதகு. கொலஸ்திரோல் செய்யும் வழியின் மேல் மதகை அடைப்பது ஸ்டாட்டின் குளிசை. இதற்கு வழி திறந்தவர் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ. 1973 இல், அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சணத்திலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். (நம் ஆட்கள் பூஞ்சணம் பிடித்த அரிசியைக் கோழிக்குப் போட்டிருப்பார்கள்.) எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட் போன்ற குளிசை அதே வாய்க்காலின் கீழ் மதகை, எலும்பை அரிக்கும் கலங்களுக்குள் அடைக்கிறது.

1999 இல் ஸ்டாட்டின் எலிகளில் எலும்பை வளர்த்ததாகச் செய்தி வந்தபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. மனிதரில் அந்தப் பலன் ஒரே சீராகக் கிடைக்கவில்லை. வாயால் உட்கொள்ளும் ஸ்டாட்டினில் பெரும்பங்கை ஈரலே பிடித்துக்கொள்வது ஒரு காரணம். எலும்புக்காக அதை யாரும் விழுங்க வேண்டியதில்லை, எலும்புக்குப் பயந்து நிறுத்தவும் வேண்டாம்.

படி 7: பெரியம்மாவின் ரிப்போர்ட்

மொத்தக் கொலஸ்திரோல் டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பார்கள். எல்டிஎல், எச்டிஎல் ("நல்ல கொலஸ்திரோல்"), டிரைகிளிசரைட்டு என்று மற்ற வரிகளும் இருக்கும். இவை எல்லாம் குருதியில் ஓடுபவை. இந்தக் கடதாசியில் மச்சைக் கொழுப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அதை அளக்க எம்ஆர்ஐ வேண்டும். எலும்பு அடர்த்தியைப் பார்ப்பது டெக்ஸா ஸ்கான், அது வேறு சோதனை.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்திரசன் குறைய எல்டிஎல் ஏறும், மச்சைக் கொழுப்பு கூடும், எலும்பு மெலியும். மூன்றும் ஒரே காலத்தில் வருவதால் ஒன்றுதான் மற்றதைக் கொண்டுவந்தது என்று தோன்றும். பெரியம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. மூன்றையும் இழுக்கும் கயிறு பெரும்பாலும் ஒன்றுதான் என்று சொன்னேன்.

"அப்ப இந்தச் சூப்பைக் குடிக்கலாமா, கூடாதா?" என்றார். மிஞ்சிய எலும்பெல்லாம் அடுப்பில் ஏறியிருந்தது. குடிக்கலாம், ஆறவைத்து மேலே படிவதை வழித்துவிட்டுக் குடியுங்கள், நல்லியைத் தின்றால் அது சமித்துப் போகுமே தவிர உங்கள் எலும்புக்குள் போய் இருக்காது, அதிலுள்ள நிரம்பிய கொழுப்பு மட்டும் எல்டிஎல்லை ஏற்றும் என்றேன். தலையாட்டிக்கொண்டே மேல்படிவை வழித்து ஊற்றினார். நான் கிண்ணம் கழுவித் திரும்பி வர, தொடையெலும்பைப் பீங்கானில் தட்டும் சத்தம் கேட்டது.