கட்டளைத் திரையிலிருந்து பைத்தான் நிரலை இயக்குவது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படிக்கும் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர், நிரலைச் சரியாக எழுதிவிட்டு, கோப்பை இருமுறை சொடுக்கியதும் கறுப்புத் திரை ஒன்று தோன்றி நொடியில் மறைவதைக் கண்டு குழம்புகிறார்கள். நிரல் முடிந்ததும் சன்னலும் மூடிக்கொள்வதே காரணம் என்பதால், விடையும் பிழைச் செய்தியும் கண்முன் நிற்க வேண்டுமானால் கட்டளைத் திரையிலிருந்து, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் கமாண்ட் பிராம்ப்ட் சன்னலிலிருந்து, இயக்குவதே முறை.

விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது, முதல் சன்னலின் அடியில் 'பாத்' என்ற சொல்லோடு இருக்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். விட்டுவிட்டால், பைத்தான் என்று எதுவும் இல்லை எனக் கணினி கைவிரிக்கும்.

இனி நோட்பேடைத் திறந்து, பிரிண்ட் என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டி, அடைப்புக்குறிக்குள் 40 * 9 / 5 + 32 என எழுதுங்கள். கத்திரி வெயிலில் வேலூர் சதம் அடித்தது என்று நாளிதழ்கள் எழுதுவது ஃபாரன்ஹீட் கணக்கு. 40 டிகிரி செல்சியஸை அந்தக் கணக்குக்கு மாற்றும் நிரல் இது. சேமிக்கும்போது 'ஆல் ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்து, வெயில் என்ற பெயரை ஆங்கில எழுத்துகளிலேயே இட்டு, இறுதியில் புள்ளியும் பி, ஒய் என்ற எழுத்துகளும் சேருங்கள். இல்லாவிட்டால் நோட்பேட் தன் பங்குக்கு டிஎக்ஸ்டி என்ற வாலை ஒட்டிவிடும். விண்டோஸ் அதை மறைத்தும் வைக்கும்.

பெரும்பாலான சிக்கல்கள் நிரலில் இல்லை, நாம் எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்பதில்தான் இருக்கின்றன. எனவே கோப்பு இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, மேலுள்ள முகவரிப் பட்டையில் சி, எம், டி என்ற மூன்றெழுத்தைத் தட்டி என்டர் அழுத்துங்கள். கட்டளைத் திரை அதே ஃபோல்டரில் திறக்கும். டி, ஐ, ஆர் என்று தட்டினால் அங்குள்ள கோப்புகள் வரிசையாகத் தெரியும். உங்கள் கோப்பின் முழுப் பெயரை, மறைந்திருக்கும் வால் உட்பட, அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம். பிறகு பைத்தான் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்தப் பெயரைத் தட்டினால் 104.0 என்று விடை வரும். வகுத்தல் குறி எப்போதும் தசம எண்ணையே தருவதால்தான் அந்தப் புள்ளி பூச்சியம்.

கட்டளைத் திரையில் >>> என்று மூன்று அம்புக்குறிகள் தெரிந்தால் நீங்கள் பைத்தானுக்குள்ளேயே நுழைந்துவிட்டீர்கள் என்று பொருள். அங்கே கோப்பின் பெயரைத் தட்டினால் பிழைதான் வரும். எக்சிட் என்று தட்டி வெறும் அடைப்புக்குறிகள் இட்டால் வெளியேறலாம். லினக்ஸில் பைத்தான் என்பதோடு 3 என்ற எண்ணையும் ஒட்டி எழுத வேண்டும். முடிவில்லாமல் ஓடும் நிரலை நிறுத்த, கன்ட்ரோல் விசையோடு சி விசையை அழுத்தினால் போதும்.