பிபிசி மைக்ரோவுக்குக் கரண்ட் கொடுக்கும் முன்

1984-ல் தொடங்கிய கிளாஸ் (பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்றுத்தரும்) திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த பழைய கம்ப்யூட்டர் இது. ஏற்காட்டுப் பரணில் கிடந்த ஒன்று கைக்கு வந்தால், ஆசைப்பட்டு உடனே பிளக்கைச் சொருகாதீர்கள்.

பவர் சப்ளையில் 0.1, 0.01 மைக்ரோஃபாரட் மதிப்பில் ரிஃபா பிராண்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டு இருக்கும். மஞ்சள் நிற உறையில் முடியிழை மாதிரி விரிசல் தெரிகிறதா? மலை ஈரம் அது வழியாகத்தான் இறங்கும். 230 வோல்ட் ஏறியதும் டப்பென்று வெடித்து அறை முழுக்கப் புகை. நாற்றம் சீக்கிரம் போகாது. விரிசல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிறகும் பெரிய கெப்பாசிட்டரை மீட்டரில் பாருங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். ரிஃபாவுக்குப் பதிலாக அதே மதிப்பில், எக்ஸ்2 (மெயின்ஸ் லைனில் போடும் பாதுகாப்பு) வகை, 275 வோல்ட் ஏசி கெப்பாசிட்டர் வாங்குங்கள். கால் இடைவெளியை அளந்துகொண்டு போங்கள். சேலத்துக் கடையில் ஃபேன் கெப்பாசிட்டரை நீட்டினால் வேண்டாம். அது வேறு வேலைக்கானது.

கம்ப்யூட்டரின் மெயின் போர்டை இணைக்காமல், 5 ஓம் 10 வாட் ரெசிஸ்டரைச் சுமையாக வைத்து பவர் சப்ளையின் 5 வோல்ட் அவுட்புட்டை அளக்கவும். 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் நின்றால் போர்டை மாட்டலாம். ஆன் செய்ததும் 'பூ-பீப்' கேட்டால் சரி. ஒரே சத்தம் நிற்காமல் இழுத்தால், ஆஃப் செய்து சாக்கெட்டில் உள்ள சிப்புகளை அழுத்தி உட்காரவைத்துப் பாருங்கள்.