பொடி பாக்கெட்டின் பெயருக்கு டிரேட்மார்க்: நாமே பதிவுசெய்வது எப்படி?

என் இட்லிப் பொடி பாக்கெட்டில் இருக்கும் பெயர் என்னுடையது என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜிஎஸ்டி சான்றிதழில் வணிகப் பெயர் என்ற இடத்தில் அது அச்சாகியிருக்கிறது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சான்றிதழில்கூட இருக்கிறது. பக்கத்து ஊரில் ஒருவர் ஒரே ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுப் பொடி விற்க ஆரம்பித்தபோது, எங்கள் ஆடிட்டரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இதெல்லாம் நீங்க தொழில் செய்றதுக்கான காகிதம்மா. பெயருக்கான காகிதம் ஒண்ணுகூட உங்க கிட்ட இல்லையே" என்றார்.

ஒரே வணிகப் பெயரில் பத்துப் பேர் ஜிஎஸ்டி எண் வாங்கினாலும் யாரும் தடுக்கமாட்டார்கள். பெயருக்கு உரிமை வேண்டுமென்றால் 1999ஆம் வருட டிரேட்மார்க் சட்டத்தின் கீழ் பதிவுசெய்ய வேண்டும். அதை வழக்கறிஞர் இல்லாமல் நானே செய்தேன். நடுவில் இரண்டு இடத்தில் சறுக்கினேன், ஒன்றில் பணமும் போனது. அந்த இடங்களைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தளத்தில் கணக்குத் தொடங்குவது, பணம் கட்டுவது மாதிரியானவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

படி 1: பெயர் காலியாக இருக்கிறதா என்று தேடுங்கள்

டிரேட்மார்க் பதிவைக் கவனிக்கும் அரசு அலுவலகத்தின் ஐபி இந்தியா தளத்தில் டிரேட்மார்க் பொதுத் தேடல் இருக்கிறது, இலவசம். எழுத்தை வைத்துத் தேடலாம், ஒலியை வைத்தும் தேடலாம். இரண்டையும் செய்யுங்கள். எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒத்துப்போனால் ஆட்சேபம் வரும்.

தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். நம் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுத ஒரே முறை என்று எதுவும் இல்லை. 'வாழை' என்பதை இசட்-எச் போட்டு எழுதுபவரும் உண்டு, வெறும் எல் போட்டு எழுதுபவரும் உண்டு. நெடிலுக்கு ஒருவர் ஒரு ஏ போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். ஆகவே உங்கள் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நான் முதலில் நினைத்தது 'பாட்டி' என்று தொடங்கும் ஒரு பெயர். திரை முழுக்கப் பாட்டிகள்! அதை அன்றே விட்டேன்.

'சுத்தமான', 'நாட்டு', 'ருசியான' மாதிரி பொருளின் குணத்தைச் சொல்லும் சொற்களைப் பெயராக வைத்தால் பிரிவு 9இன் கீழ் தடுப்பார்கள். எல்லாப் பொடிக்காரருக்கும் பொதுவான சொல்லை ஒருவருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. பொருளோடு சம்பந்தமே இல்லாத சொல்லோ, நீங்களாக உருவாக்கிய சொல்லோதான் நன்றாக நிற்கும்.

படி 2: வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்

பதிவுக்காகப் பொருட்களையும் சேவைகளையும் வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள், மொத்தம் 45 வகுப்புகள். 1 முதல் 34 வரை பொருட்கள், மற்றவை சேவைகள். மசாலா, பொடி, காபி, டீ, மாவு, தேன் எல்லாம் 30. எண்ணெய், நெய், ஊறுகாய், உலர்த்திய காய்கறி 29. உணவகம் 43, துணிமணி 25. பொடியும் ஊறுகாயும் ஒரே அடுப்படியிலிருந்து வந்தாலும் வகுப்பு வேறு, கட்டணமும் தனித்தனி. அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரே வகுப்பில் அடைத்துவிடாதீர்கள்.

ஒரே படிவத்தில் பல வகுப்புகளைச் சேர்க்கலாம். நான் சேர்க்கமாட்டேன். ஒரு வகுப்பில் ஆட்சேபம் வந்தால் மற்றதும் அதோடு சேர்ந்து நிற்கும். கட்டணம் எப்படியும் வகுப்புக்கு இவ்வளவு என்றுதான், அதனால் சேர்ப்பதில் மிச்சமும் இல்லை.

படி 3: சொல்லா, லோகோவா?

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சொல்லைப் பதிவுசெய்யுங்கள். லோகோவை நாளைக்கு மாற்றுவீர்கள், பெயரை மாற்றமாட்டீர்கள். லோகோதான் வேண்டுமென்றால் கருப்பு வெள்ளையில் போடுங்கள். நிறத்தைக் குறிப்பிட்டுக் கட்டுப்படுத்தாத குறி எல்லா நிறத்துக்கும் பதிவானதாகக் கொள்ளப்படும். படம் ஜேபெக் கோப்பாக, 8 செ.மீ. சதுரத்துக்குள் இருக்கட்டும்.

கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தின் வார்ப்புருவில் செய்த லோகோவைப் பதிவுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதே இலையும் அதே உலக்கையும் இன்னும் நூறு பேரிடம் இருக்கும். அதன் உரிம விதிகளும் அங்குள்ள ஸ்டாக் படங்களை டிரேட்மார்க் ஆக்க இடம் தரவில்லை. நான் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்தேன். கோணல்மாணலாக இருந்தாலும் அது என் கோணல்.

பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும். அதற்கென்று கட்டம் இருக்கிறது, காலியாக விடாதீர்கள்.

படி 4: படிவம் டிஎம்-ஏ

விண்ணப்பப் படிவத்தின் பெயர்தான் டிஎம்-ஏ. அதை இணையத்தில் தாக்கல் செய்ய 'கிளாஸ் 3' டிஜிட்டல் கையெழுத்து வாங்கினேன் (மேலே சொன்ன பொருள் வகுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). யுஎஸ்பி குச்சியில் வரும். விண்டோஸ் கணினியில் செய்யுங்கள். மற்றதில் மல்லுக்கட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தவள் சொல்கிறேன்.

தனி ஆளாகத் தொழில் செய்பவர் விண்ணப்பதாரர் பெயராகத் தன் சொந்தப் பெயரைத்தான் போட வேண்டும். கடைப் பெயர் 'இந்தப் பெயரில் தொழில் செய்பவர்' என்று அதன் பின்னால் வரும். தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், உத்யம் சான்றிதழ்கூடத் தேவையில்லை. கூட்டாண்மை நிறுவனமோ கம்பெனியோ அதே சலுகையைக் கேட்டால் உத்யம் சான்றிதழை இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் 9,000. காகிதத்தில் கொடுத்தால் இன்னும் கூடுதல். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அலுவலகம் சென்னை கிண்டியில்.

படி 5: அந்தத் தேதிக் கட்டம்

இங்கேதான் விழுந்தேன்.

இந்தப் பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று படிவம் கேட்கும். 2018 பொங்கலுக்குத் தெருவில் நாலு வீட்டுக்குப் பொடி கொடுத்தது நினைவிருந்தது. அந்தத் தேதியைப் பெருமையாகத் தட்டினேன். எவ்வளவு முந்தைய தேதியோ அவ்வளவு நல்லது என்று ஒரு எண்ணம். எதையும் இணைக்கவில்லை.

சில வாரம் கழித்து, படிவமும் இணைப்புகளும் சரியா என்று பார்க்கும் முறைமைச் சரிபார்ப்பில் தவறியது என்று தளத்தில் நிலை மாறியிருந்தது. ஏற்கெனவே பயன்படுத்துகிறேன் என்று தேதி சொன்னால், அதற்குப் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கூடவே தர வேண்டும் என்பது 2017ஆம் வருட டிரேட்மார்க் விதிகளிலேயே இருக்கிறது. என்னிடம் இருந்த முதல் பில் 2019 ஆகஸ்ட் மாதத்துடையது. நாலு வீட்டு அக்காமார் சாட்சி சொல்வார்கள்தான், ஆனால் பில் இல்லை. பொய்யாகப் பிரமாணம் செய்ய மனம் வரவில்லை. அந்த விண்ணப்பத்தைக் கைவிட்டு, 2019 தேதியோடு புதிதாகப் போட்டேன். முதல் 4,500 போனது போனதுதான்.

ஆகவே முதலில் ஆதாரத்தைத் தேடுங்கள், தேதியைப் பிறகு எழுதுங்கள். ஆதாரத்தில் தேதியும் இருக்க வேண்டும், அந்தப் பெயரும் இருக்க வேண்டும். என் பில் புத்தகத்தில் பாதிக்கு மேல் 'பொடி 1 கிலோ' என்றுதான் இருந்தது, பெயரே இல்லை. காப்பாற்றியது சிவகாசியில் லேபிள் அடித்த பில். அதில் பெயர், தேதி, எத்தனை லேபிள் எல்லாம் இருந்தது. கடைக்குப் போட்ட பில்கள், கோயில் திருவிழா மலரில் கொடுத்த விளம்பரம் என்று சேர்த்து, முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி, எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கினேன்.

இன்னும் விற்க ஆரம்பிக்கவில்லை என்றால் 'இனி பயன்படுத்தப்போகிறேன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும், பத்திரம் வேண்டாம். ஏற்கெனவே விற்பவர்கள் சோம்பல்பட்டு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பதிவைவிட முந்தைய பயன்பாட்டுக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு, பிரிவு 34ஐப் பாருங்கள். யார் முந்தி என்று நாளைக்குத் தகராறு வந்தால் உங்கள் விண்ணப்பமே உங்களுக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கும்.

படி 6: காத்திருப்பதும் பதில் சொல்வதும்

பணம் கட்டியதும் விண்ணப்ப எண் வந்துவிடும். அன்றே பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் மட்டும் பதிவு முடியும்வரை போடக்கூடாது, அது சட்டப்படி தவறு.

அப்புறம் டிரேட்மார்க் அலுவலகம் விண்ணப்பத்தைப் பார்த்து எழுதும் பரிசோதனை அறிக்கை வரும். ஆட்சேபம் இருந்தால், அறிக்கை கிடைத்து 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எனக்கு வந்தது பிரிவு 11: ஒலி கொஞ்சம் ஒத்துப்போகும் ஒரு டீத்தூள் பெயரைக் காட்டியிருந்தார்கள். டீயும் 30ஆம் வகுப்புதானே. இரண்டு பெயரின் பொருள் வேறு, முழுதாகச் சொன்னால் ஒலி வேறு, பொருட்கள் வேறு என்று ஒன்றரைப் பக்கம் எழுதி, அதே பில்களை மறுபடி இணைத்தேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், வீடியோவில்தான். சேலை கட்டிக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தேன், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஏற்றுக்கொண்டார்கள்.

அதன்பின் திங்கட்கிழமை தோறும் வரும் டிரேட்மார்க் இதழில் பெயர் வெளியாகும். அங்கிருந்து நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு அறிவிப்பு கிடைத்தால் இரண்டு மாதத்துக்குள் மறுமொழி தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அந்தக் கட்டத்துக்கு வந்தால் வழக்கறிஞரிடம் போங்கள், அது நம் வேலை இல்லை. எனக்கு யாரும் எதிர்க்கவில்லை, சான்றிதழ் வந்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

பெயர் இதழில் வந்ததும் தெரியாத எண்களிலிருந்து வாட்ஸாப்பில், உடனே பணம் கட்டாவிட்டால் ரத்தாகிவிடும் என்று செய்திகள் வரலாம். நம் முகவரி பொதுவில் இருப்பதால் வரும் தொல்லை இது. தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள், அங்கே இல்லாத எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

பின்சேர்க்கை 1: சாமி பெயர் வைக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 'ராமாயண்' என்ற பெயரை ஊதுபத்திக்குத் தர முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. புனித நூலின் பெயரை ஒருவர் தனக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பது வாதம். முருகன், மீனாட்சி என்று ஏற்கெனவே ஊரெல்லாம் கடைகள் இருக்கின்றன. பதிவே கிடைத்தாலும் யாரைத் தடுக்கப்போகிறீர்கள்? சாமி படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டிக்கொண்டு, பாக்கெட்டுக்கு வேறு பெயர் யோசியுங்கள்.

பின்சேர்க்கை 2: கோவையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். முகவர் ஒருவர் வழியாகத் தாக்கல் செய்தாராம். அந்த ஆள் தன் மின்னஞ்சலையே கொடுத்துவிட்டார். பரிசோதனை அறிக்கை அங்கே போய்க் கிடந்தது, 30 நாளும் கடந்துவிட்டது. யார் மூலம் செய்தாலும் விண்ணப்ப எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, பால்காரர் கணக்குப் பார்க்கும் நாளில், நிலையையும் ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள். நான் சனிக்கிழமை பார்ப்பேன்.