பிரெஞ்சு மனுவாரை ‘அழகாக்கி’க் கெடுக்கும் வழிகள்

பிரான்சின் கிராமப்புறத்தில் பழைய மாளிகை ஒன்றை வாங்குகிறவர் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் உளியைத்தான். சுவர்ப் பூச்சைக் கொத்தி எறிந்து, கரடுமுரடான கற்கள் வெளியே தெரிந்தால்தான் பழமை என்று ஒரு நினைப்பு.

மனுவார் எனப்படும் இந்த வீடுகள் பலவற்றில் மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் மட்டுமே செதுக்கிய கற்கள் இருக்கும். மற்ற சுவரெல்லாம் ஒழுங்கற்ற கல்லும் சாந்தும்; மேலே சுண்ணாம்புப் பூச்சு வரும் என்று எண்ணியே கட்டியவை. மூலைக்கல் சற்றே துருத்தி நிற்கிறதா என்று பாருங்கள். பூச்சின் கனத்துக்காகக் கொத்தனார் விட்ட இடம் அது. அதை உரித்துவிட்டுப் ‘பழமை’ என்பது, சட்டையைக் கழற்றிவிட்டு உடை நன்றாக இருக்கிறது என்பது போல.

அதைவிடக் கேடு சிமெண்ட். தடித்த சுவர் தரையீரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பின் வழியே அது ஆவியாகி வெளியேறும். சிமெண்ட் பூசினால் வழி அடைபடும். லுவார் பகுதியின் துஃபோ போன்ற மென்மையான சுண்ணாம்புக்கல் பொரிந்து உதிரும். நார்மண்டியின் மரச்சட்டச் சுவர்களிலோ, சிமெண்டுக்குப் பின்னால் மரம் சத்தமில்லாமல் மக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

அடுத்தது, ஆவணத்தைப் படிக்காத தவறு. பிரெஞ்சுப் பாரம்பரியக் கட்டடங்களுக்கான ‘மெரிமே’ என்ற அரசுத் தகவல் தளத்தில் வீட்டின் பெயர் இருந்தால் அரசுப் பாதுகாப்பு உண்டு என்று பலர் நம்புகிறார்கள். 1964-இல் மால்ரோ பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது தொடங்கிய பாரம்பரியப் பொதுக் கணக்கெடுப்பில் விவரிக்கப்பட்ட கட்டடங்களும் அதில் உண்டு. விவரித்திருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. வரலாற்றுச் சின்னங்களுக்கான 1913 டிசம்பர் 31 சட்டத்தின் வழிவந்த ‘க்ளாஸே’ (வகைப்படுத்தப்பட்டது), ‘ஆன்ஸ்க்ரி’ (பதிவு செய்யப்பட்டது) என்ற இரண்டு நிலைகளில் ஒன்று இருக்க வேண்டும். முதலாவது கடுமையானது: அனுமதியின்றிப் பழுதுபார்ப்பும் கூடாது.

பாதுகாப்பு இருந்தாலும் அது முழு வீட்டுக்கும்தான் என்று எண்ண வேண்டாம். பல பாதுகாப்பு ஆணைகள் முகப்பையும் கூரையையும் மட்டுமே குறிக்கும். சிலவற்றில் ஒரு படிக்கட்டு, ஒரு கணப்படுப்பு. ஆணையின் வாசகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. எந்தப் பட்டியலிலும் இல்லாத வீட்டின் எதிரே பாதுகாக்கப்பட்ட தேவாலயம் இருக்கலாம். தனி எல்லை வகுக்காத இடங்களில், 500 மீட்டருக்குள் அதோடு சேர்ந்து கண்ணில் படும் கட்டடத்துக்கு அரசுக் கட்டடக்கலைஞரின் ஒப்புதல் தேவை. பிளாஸ்டிக் ஜன்னல் கனவு பெரும்பாலும் அங்கேதான் உடைகிறது.

கடைசியாக, மனுவாரைக் குட்டிக் கோட்டையாக நினைத்து, பணத்தையெல்லாம் பிரதான வீட்டிலேயே கொட்டுவது. உண்மையில் அது ஒரு பண்ணையின் தலைவீடு. களஞ்சியமும் வாயிலும் புறாமாடமும் சேர்ந்ததுதான் மனுவார். நார்மண்டியில் தனிக்கோபுரமாகப் புறாமாடம் எழுப்புவது நிலப்பிரபுவின் உரிமையாக இருந்தது; பிரெஞ்சுப் புரட்சியில் நிலப்பிரபுச் சலுகைகளை ஒழித்த 1789 ஆகஸ்ட் 4 இரவோடு அது ஒழிந்தது. நார்மண்டித் துறைமுகமான தியெப்பின் கப்பல் முதலாளி ழான் ஆங்கோ 16-ஆம் நூற்றாண்டில் வராஞ்ச்வில்லில் கட்டிய மனுவாருக்குப் போகிறவர்கள் முதலில் படமெடுப்பது, பல நிறச் செங்கல் கோலங்களும் வெங்காயக் குவிமாடமும் கொண்ட அந்தப் புறாமாடத்தைத்தான்.