பிரஷர் இருக்கிறதா? சைவச் சமையலறையில் முதலில் உப்புப் பாக்கெட்டைப் பாருங்கள்

"நான் சுத்த சைவம், எனக்கு எப்படி பிரஷர் வந்தது?" சென்னையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கறியும் மீனும் இல்லாத தட்டில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வத்தக்குழம்பு எல்லாம் இருக்கின்றன. அத்தனையிலும் உப்பு.

காய், கீரை, பழம், பருப்பு நிறைந்த சாப்பாடு ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பது சோதித்துப் பார்த்த விஷயம். 1997-ல் அமெரிக்காவில் வெளியான 'டேஷ்' ஆய்வில் அப்படிச் சாப்பிட்ட பிரஷர்காரர்களுக்கு மேல் அளவு (135/85 என்றால் அந்த 135) சராசரியாக 11 புள்ளி இறங்கியது. அந்த உணவில் கொழுப்பு குறைந்த பாலும், கொஞ்சம் மீன், கோழியும் இருந்தன. உப்பை அதில் குறைக்கவில்லை. 2001-ல் வந்த அடுத்த ஆய்வில் உப்பையும் குறைத்தார்கள், அழுத்தம் மேலும் இறங்கியது. நாம் இரண்டையும் சேர்த்தே செய்யப் போகிறோம்.

தொடங்கும் முன்

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் இளநீர், வாழைப்பழம், கீரையைத் திடீரென்று கூட்டும் முன் டாக்டரைக் கேளுங்கள். இவற்றில் பொட்டாசியம் அதிகம், ரத்தத்தில் அதன் அளவு மீறினால் இதயத்துக்கு ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் கீரை அளவை மாற்றும் முன் கேட்டாக வேண்டும்.

படி 1: அளந்து எழுதுங்கள்

காபி குடித்த கையோடு அளக்கக் கூடாது, அரைமணி நேரம் போகட்டும். சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் இருங்கள். கையை மேசையில் நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, நோட்டில் எழுதுங்கள். வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் அழுத்தம். மெஷின் இல்லாவிட்டால் பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள்.

படி 2: உப்புக் கணக்கு

இதில்தான் பலன் அதிகம், அதனால் அவசரப்படாதீர்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம். புதுப் பாக்கெட் பிரிக்கும் அன்று அதன் மேலேயே தேதியை எழுதுங்கள். ஒரு கிலோ ஒரே மாதத்தில் தீர்ந்தால் தலைக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது என்று அர்த்தம். ஊறுகாயும் ஓட்டல் சாப்பாடும் இந்தக் கணக்கில் வராது.

பிறகு ஒவ்வொன்றாகக் குறையுங்கள். சோறு வடிக்கும்போது உப்பு வேண்டாம். மோரிலும் வேண்டாம். இட்லி மாவில் வழக்கத்தைவிடக் கால் பங்கு குறைவாகப் போடுங்கள். ரசத்துக்கும் பொரியலுக்கும் இறக்கும்போது உப்பு போட்டால் கொஞ்சத்திலேயே நாக்குக்கு எட்டும். எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலையைத் தாராளமாக்குங்கள். முதல் வாரம் சப்பென்றுதான் இருக்கும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

கொண்டைக்கடலை சீக்கிரம் வேக வேண்டும் என்று சமையல் சோடா போடுவதையும் விடுங்கள், உப்பில் இருந்து அழுத்தத்தை ஏற்றும் சோடியம் அதிலும் இருக்கிறது. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடு. பிரஷருக்கு நல்லது என்று நம்பி வாங்காதீர்கள். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். மேலே சொன்ன எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

படி 3: தட்டை மாற்றுங்கள்

மதியத் தட்டில் பாதி காயும் கீரையுமாக இருக்கட்டும். பொட்டாசியம் சோடியத்தைச் சிறுநீர் வழியாக வெளியேற்ற உதவும். தள்ளுவண்டியில் வரும் அரைக்கீரை, முளைக்கீரை, முருங்கைக்கீரையே போதும். விலை உயர்ந்த வெளிநாட்டுக் காய் எதுவும் தேவையில்லை. பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட் ரத்தக் குழாய் தளர உதவுகிறது, அதனால் வாரத்தில் சில நாள் பீட்ரூட் பொரியல் செய்யலாம். மீதித் தட்டில் கால் பங்கு பருப்போ பயறோ, கால் பங்கு சோறு. இரவில் கேழ்வரகு அடை, கம்பு தோசை. நாலு மணிக்குப் பஜ்ஜிக்குப் பதில் வீட்டுச் சுண்டல்.

படி 4: பலனைப் பாருங்கள்

ஒரு மாதம் கழித்து நோட்டோடு டாக்டரிடம் போங்கள். மாத்திரையைக் குறைப்பதை அவர் முடிவு செய்வார். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால் ஒரு மாதம் காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். மேல் அளவு 180-ஐயோ கீழ் அளவு 120-ஐயோ தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள்.