கைடைப் பார்க்கப் போகும்போது இரண்டு பக்கமாவது எழுதிக்கொண்டு போங்கள்

வரலாற்றுத் துறையில் இளங்கலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு நான் நெறியாளர், அதாவது கைடு. முதல் சந்திப்புக்குப் பலரும் தலைப்போடு வருகிறார்கள், கேள்வியோடு வருபவர்கள் குறைவு. '1918 இன்ஃப்ளூயன்சாவும் பத்திரிகைகளும்' என்பது தலைப்பு (அந்த ஆண்டு உலகெங்கும் பரவிய கொள்ளைக் காய்ச்சல்தான் இது). அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் படிக்கலாம், ஒரு பக்கம்கூட எழுத வராது. 'அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் ஒரு நாளிதழின் மருந்து விளம்பரங்கள் நோயைப் பற்றி என்ன பேசின, அதன் செய்திப் பக்கம் என்ன பேசியது?' என்று கேட்டுப் பாருங்கள். எதைப் படிப்பது, எங்கே நிறுத்துவது இரண்டும் தெரிந்துவிடும்.

கேள்வி பிடித்துப்போனாலும் உடனே பதிவு செய்யாதீர்கள். அந்த மூன்று மாத இதழ்கள் உங்கள் கைக்கு எட்டுமா? எங்கே இருக்கின்றன, படம் எடுக்க விடுவார்களா, வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா? நூலகரிடம் கேளுங்கள், அவரைக் கேட்காமல் தேடி அலைபவர்கள்தான் அதிகம். உயிரோடிருப்பவர்களைப் பேட்டி காணும் திட்டம் இருந்தால், பல பல்கலைக்கழகங்களில் அறநெறிக் குழுவின் (ஆய்வால் யாருக்கும் தீங்கு வராதா என்று பார்க்கும் குழு) அனுமதி வேண்டும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம், முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

இணையத்தில் இருக்கும் பழைய நாளிதழ்கள் பெரிய வரம்தான், ஆனால் அவற்றின் தேடல் பெட்டியை நம்ப முடியாது. மங்கிய அச்சைக் கணினி தப்பும் தவறுமாகப் படித்து வைத்திருக்கும். 'இன்ஃப்ளூயன்சா' என்று தேடினால் ஒன்றும் வராத இதழில், 'விஷக் காய்ச்சல்' என்று அரைப் பக்கம் போட்டிருப்பார்கள். அதனால் வாரத்துக்கு ஓர் இதழ் என்று எடுத்து, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை கண்ணால் புரட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அப்புறம், செய்தி வரவில்லை என்றால் நோய் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அது முதல் உலகப் போர்க்காலம். போரிட்ட நாடுகளில் தணிக்கை இருந்தது, நடுநிலை வகித்த ஸ்பெயினின் பத்திரிகைகள் நோயைப் பற்றி வெளிப்படையாக எழுதின. செய்திப் பக்கம் வாயை மூடிக்கொண்ட அதே வாரத்தில் விளம்பரப் பக்கம் சளி மருந்தை விற்றுத் தீர்த்திருந்தால், உங்கள் அத்தியாயம் அங்கே கிடைத்துவிட்டது.

மற்றவர்கள் எழுதியதைப் படிக்க ஒரு குறுக்குவழி: ஆகப் புதிய கட்டுரையை எடுத்து அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள். ஆய்விதழ்களின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரோடு நின்றுவிடாதீர்கள், பல ஆய்விதழ்களின் அண்மை ஆண்டுகள் அதில் இருக்காது. நூல் விவரங்களைச் சேர்க்க ஜோட்டெரோ என்ற மென்பொருள் போதும். இலவசம், 2006லிருந்து இருக்கிறது.

சரி, கைடு விஷயம். 'நல்லா போயிட்டிருக்கு சார்' என்று ஒரு மாணவர் சொன்னால் எனக்குக் கவலை வந்துவிடும். சந்திப்புக்கு இரண்டு நாள் முன்பே இரண்டு பக்கம் அனுப்புங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. கூடவே ஒரு கேள்வி: 'இந்த விளம்பரத்தை இப்படிப் பொருள் கொள்வது சரியா?' எழுத்தில் இருப்பதைத்தான் என்னால் திருத்த முடியும், மனதில் இருப்பதை எப்படித் திருத்துவது? பேசி முடித்த அன்றே, முடிவானவற்றை நாலு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். நாங்களும் மறப்போம்.

நெறியாளர் சொல்வதெல்லாம் கட்டளை அல்ல. நான் சொல்லும் நூல் உங்கள் கேள்விக்குத் தொடர்பில்லை என்று பட்டால், ஏன் என்று ஒரு பத்தி எழுதிக் காட்டுங்கள். அந்தப் பத்தி பெரும்பாலும் ஆய்வேட்டிலேயே இடம்பிடித்துவிடும். சும்மா தலையாட்டிவிட்டுப் படிக்காமல் விடுவதுதான் எரிச்சல்.

ஆதாரம் அதிகமுள்ள நடு அத்தியாயத்தில் எழுதத் தொடங்குங்கள். முன்னுரை கடைசியில். அடிக்குறிப்பா, அடைப்புக்குறிக்குள் பக்க எண்ணா என்பதைத் துறையின் விதிப்படி முதல் நாளே முடிவு செய்யுங்கள். எடுத்த படங்களுக்கு நாளிதழின் பெயர், தேதி, பக்கம் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு மேற்கோளையும் அந்தப் படத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கும். அதை நெறியாளர் செய்து தரமாட்டார்.